நகைய மறுபடியும் வச்சு பரிகாரம் பண்ணலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 34, வீட்டுக்காரருக்கு 39. தாராபுரம் பக்கம். மினி லோடு வண்டி ஓட்டுறார், டீசல், டியூ எல்லாம் போக மாசம் 32,000 கைல நிக்கும். வண்டி லோன் மச்சாண்டார் பேர்ல தான் கிடைச்சுது, டியூ கட்டுறது நாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஆக்சிடென்ட்ல இவருக்கு கை ஒடஞ்சு பிளேட் வச்சாங்க, அப்ப என் ஆறு பவுன வச்சு 1,00,000 வாங்குனோம். அடுத்த வருஷம் மாத்தி வைக்கும்போது பரிகாரத்துக்குன்னு 60,000 சேத்து வாங்குனோம். இந்த வருஷம் குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மச்சாண்டார் எங்களையும் சேத்து ஒத்துக்கிட்டு வந்துட்டதால இன்னொரு 80,000. இப்ப ஜோசியர் மறுபடியும் ஒரு கண்டம் இருக்குன்னு 45,000-க்கு பரிகாரம் சொல்றார். இன்சூரன்ஸ்னு வாயத் திறந்தா வீட்டுக்காரர் "அபசகுனமா பேசாத, சாமி பாத்துக்கும்"ங்கறார். சித்தி பையன் மட்டும் ஒரு பாலிசி சொல்றான், வருஷம் 60,000 கட்டுனா பணமும் திரும்ப வரும்னு. பரிகாரம் வேண்டாம்னு சொல்லி நாளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா பழி என் மேல தானே வரும்?

பதில்: தங்கச்சி, அந்தக் கடைசி வரிய படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். ஒரு தடவ ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவங்களுக்கு தான் அந்தப் பயம் தெரியும். நானும் சாமி கும்பிடறவன், கோயிலுக்குப் போகாதீங்க, குடுக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். நான் நிறுத்தச் சொல்றது ஒண்ணே ஒண்ணு, மாத்தி வைக்கும்போதெல்லாம் கூட சேத்து வாங்குறத.

கவனிச்சீங்களா, அதே ஆறு பவுன் தான், புதுசா ஒரு குந்துமணி கூட நீங்க வைக்கல, ஆனா கடன் 1,00,000-ல இருந்து 2,40,000 ஆயிருச்சு. தங்கம் விலை ஏறினதால கடைக்காரங்களே "இன்னும் எலிஜிபிள் இருக்கு மேடம்"னு குடுக்கறாங்க, வாங்கும்போது அது கடன் மாதிரியே தெரியாது. ஒண்ணேகால் வட்டின்னு வச்சுக்கங்க, மாசம் 3,000, வருஷம் 36,000. இதுவரைக்கும் கட்டினது முதல் வருஷம் 15,000, ரெண்டாவது வருஷம் 24,000. மொத்தம் 39,000 போயும் அசல்ல ஒத்த ரூபா குறையல.

சரி, ஜோசியர் சொல்ற மாதிரி கண்டம் வரும்னே வச்சுக்குவோம். அப்படின்னா இவருக்கு அவசரமா வேண்டியது என்ன? கைல பணமும், அவர் இல்லாட்டியும் பிள்ளைங்க படிக்க ஒரு வழியும். அந்த நேரத்துல ஓடிப்போய் வைக்கிறதுக்கு இருக்கறதே அந்த ஆறு பவுன் தான், அதையும் முழுசா உறிஞ்சி வச்சுட்டா ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கேக்கும்போது யார்கிட்ட போய் நிப்பீங்க?

நம்ம வீடுகள்ல ஒருத்தருக்கு முடியலன்னா என்ன பண்ணுவாங்க, மஞ்சத் துணியில ஒத்த ரூபா முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வைப்பாங்க. குணமான பிறகு, கைல வசதி வந்த பிறகு நேர்த்திக்கடன செலுத்துவாங்க. அடகுக்கடை வட்டியில செய்யச் சொல்லி எந்த சாமியும் கேட்டதில்ல. இத வீட்டுக்காரர்கிட்ட, முடிஞ்சா மாமியார்கிட்ட, சண்டையா இல்லாம சொல்லிப் பாருங்க.

அபசகுனம்ங்கறாரே, அவர் ஆயுத பூஜைக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டு தானே வண்டிய எடுக்கறார், அதுக்காக டயர்ல காத்து கம்மியா இருந்தா பாக்காம தாராபுரத்துல இருந்து கோயம்புத்தூர் வரைக்கும் லோடு ஏத்திட்டுப் போவாரா? கும்பாபிஷேகத்துல கூட அஷ்டபந்தன மருந்த இடிச்சு, சிலைக்கும் பீடத்துக்கும் நடுவுல தண்ணி இறங்காம சாத்தறாங்க. சாமிக்கே அப்படி ஒரு காப்பு பண்றோம், நம்ம பிள்ளைங்களுக்கு பண்றது எப்படி அபசகுனம் ஆகும்?

முதல்ல நகைய பேங்குக்கு மாத்துங்க. இன்னிக்கு 10 சதவீதம் பக்கத்துல கிடைக்குது, 2,40,000-க்கு வருஷம் 24,000. மிச்சம் 12,000. 39 வயசுல சிகரெட் பழக்கம் இல்லாதவருக்கு 50 லட்சம் டெர்ம் பாலிசி (அவர் இல்லாமப் போனா மட்டும் குடும்பத்துக்கு பணம் வர்றது) ஏறக்குறைய அந்தக் காசுக்குள்ள வந்துரும், 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் லைஃப், ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. கை ஆபரேஷன் ஆனத மறைக்காம எழுதுங்க, ஏஜென்ட் வேண்டாம்னு சொன்னாலும் எழுதுங்க. டெர்ம் வர்ற வரைக்கும் பேங்க்லயே பிரதமர் ஜீவன் ஜோதி 436 ரூபா, சுரக்ஷா 20 ரூபா, வருஷத்துக்கு மொத்தம் 456, ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு லட்சம் காப்பு (சுரக்ஷா விபத்துக்கு மட்டும்), இத இந்த வாரமே போடுங்க. ஹெல்த் பாலிசி அடுத்தது, அந்த 45,000-ஐ கடன் வாங்காம மாசாமாசம் சேத்தீங்கன்னா வருஷத்துக்குள்ள அதுக்கும் வழி இருக்கு.

சித்தி பையன் பாலிசி வேண்டவே வேண்டாம். 60,000 கட்டினா இந்த மாதிரி பாலிசியில காப்பு பெரும்பாலும் அதுல பத்து மடங்கு, 6 லட்சம் தான் வரும். இப்ப கைல நிக்கற 32,000 கணக்குல உங்க வீட்டுச் செலவுக்கு ஒண்ணரை வருஷத்துக்கு கொஞ்சம் மேல தான் தாங்கும். பணம் திரும்ப வரும்னு சொல்லி சொல்லியே நம்ம ஜனங்கள காப்பு இல்லாம விட்டுட்டாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

மச்சாண்டார்கிட்ட தலைக்கட்டு வரி எவ்வளவோ அத குடுப்போம், அதுக்கு மேல ஒத்துக்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேளுங்கன்னு இவர வச்சே சொல்ல வைங்க. நீங்க சொன்னா அது வேற பேச்சா மாறிடும்.

இன்னொண்ணு, நீங்க போற போக்குல எழுதினது, எனக்கு அதுதான் பெருசா படுது. வண்டி ஆர்சி மச்சாண்டார் பேர்ல இருந்தா, வண்டி இன்சூரன்ஸ்ல ஓனர் டிரைவருக்குன்னு வர்ற 15 லட்சம் ஆக்சிடென்ட் காப்பு மச்சாண்டாருக்கு தான், ஓட்டுற உங்க வீட்டுக்காரருக்கு கிடையாது. பாலிசி பேப்பர்ல டிரைவருக்குன்னு தனியா பிரீமியம் கட்டியிருக்கா பாருங்க, இல்லன்னா இவர் பேர்ல தனி ஆக்சிடென்ட் பாலிசி ஒண்ணு எடுத்துருங்க. ஆர்சி, பாலிசி ரெண்டையும் இன்னிக்கு ராத்திரியே பீரோவுல இருந்து எடுத்துப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க.