இரண்டு நொடி சாம்பிளுக்கு இரண்டு கையெழுத்து

வீட்டில் உட்கார்ந்து கணினியிலேயே பாட்டு அமைக்கும் மகனுக்குக் காப்புரிமை அறிவிப்பு வந்துவிட்டது. வழக்கில் சிக்குவானோ, இந்தத் துறையே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா என்பது உங்கள் கவலை. நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் வந்திருப்பது எந்த வகை அறிவிப்பு என்று இன்றே பாருங்கள். வகைக்கு ஏற்பத்தான் அடுத்த வேலை.

யூடியூபிலிருந்து வருவது பெரும்பாலும் கன்டென்ட் ஐடி கோரிக்கை. உரிமையாளர் கொடுத்து வைத்திருக்கும் ஒலியோடு, ஏற்றப்பட்ட பாட்டை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்துத் தானாக அனுப்புவது. விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ தெரியாமல் போகலாம். சேனலுக்கு அதனால் தண்டனை இல்லை. ஸ்டிரைக் அப்படியல்ல, உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் விழுவது. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே பறிபோகலாம்.

பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். கோபத்தில் கோரிக்கையை மறுத்துவிடுகிறார்கள். மறுப்புக்குப் பதில் சொல்ல உரிமையாளருக்கு 30 நாள் உண்டு. அவர் விட்டுக்கொடுக்காமல் இருந்து, மகன் மேல்முறையீடும் செய்தால், அவர் நீக்கல் கோரிக்கை அனுப்பலாம். சும்மா கிடந்த கோரிக்கை அப்போது ஸ்டிரைக்காகிவிடும். அதற்கும் எதிர் அறிவிப்பு கொடுக்க வழி இருக்கிறது; ஆனால் அது பெயர், முகவரியோடு கையொப்பமிடும் சட்ட ஆவணம். உரிமையாளர் வழக்குத் தொடுத்ததற்குச் சான்று காட்ட 10 அமெரிக்க வேலை நாட்கள் தருவார்கள். பதினேழு வயதுப் பையன் தனியாகப் போடக்கூடிய கையெழுத்து அல்ல அது. அனுமதி வாங்காத சாம்பிள், அதாவது வேறொரு பதிவிலிருந்து வெட்டி எடுத்த ஒலித் துணுக்கு, பாட்டில் இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தால் எதையும் மறுக்க வேண்டாம். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு வேறு ஒலியோடு மறுபடி ஏற்றட்டும்.

வழக்கு பற்றிய பயத்துக்கும் அளவு தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்கச் சட்டத்தில், உண்மையான நஷ்டத்தை நிரூபிக்காமலேயே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். தெரிந்தே செய்ததாக நிரூபணமானால் 1,50,000 டாலர் வரை போகும். சம்பாதிக்காத பாட்டைத் தேடிப் பொதுவாக யாரும் நீதிமன்றம் போவதில்லை. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் கடிதம் வரும். அதாவது, மகன் முன்னேறும்போதுதான் ஆபத்து கூடுகிறது. ஆகவே ஒழுங்கைப் பழக வேண்டிய காலம், அவன் பெயர் வெளியே தெரியாத இந்தக் காலம்தான்.

இனி வருவதை அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, ஒரு பழைய பாட்டிலிருந்து இரண்டு நொடி வெட்டி எடுக்கும்போது நீ இரண்டு சொத்துகளைத் தொடுகிறாய். ஒன்று, மெட்டும் வரிகளும். எழுதியவருக்கும், அவர் சார்பில் அந்த உரிமையை நிர்வகிக்கும் பப்ளிஷருக்கும் உரியது. இன்னொன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு. துறையில் மாஸ்டர் என்பார்கள், பெரும்பாலும் இசை நிறுவனத்தின் கையில் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கையெழுத்து வேண்டும். சாம்பிள் வழக்குகளில் சில, இதில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டதால் வந்தவை. புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டனின் பதிவிலிருந்து பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவினர் சுமார் ஆறு நொடி எடுத்தார்கள். ஒலிப்பதிவுக்கு நிறுவனத்திடம் உரிமம் வாங்கினார்கள். இசையை எழுதியவரிடம் வாங்கவில்லை. மூன்றே சுரங்கள், அற்பமான அளவு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதால் தப்பினார்கள். ராப் பாடகர் டிரேக்கின் ஒரு பாடலிலும் இதே ஓட்டை. ஜாஸ் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் பேச்சுப் பதிவு ஒன்றை எடுத்தபோது ஒலிப்பதிவுக்கு மட்டும் உரிமம் இருந்தது. அனுமதி இல்லாமலும் சட்டம் ஏற்கும் 'நியாயமான பயன்பாடு' என்று 2017-இல் தீர்ப்பு கிடைத்தது. 2020-இல்தான் மேல்முறையீட்டில் உறுதியானது. இருவரும் வென்றார்கள். ஆனால் அந்த வெற்றிக்கு ஆன ஆண்டுகளையும் வழக்கறிஞர் செலவையும் தாங்கும் வசதி அவர்களுக்கு இருந்தது.

'ஆறு நொடி வரை எடுக்கலாம்', 'நாலு பார் (தாளச் சுற்று) வரை பரவாயில்லை' என்று நண்பர்கள் சொல்வார்கள். அமெரிக்கச் சட்டத்திலோ ஐரோப்பியச் சட்டத்திலோ அப்படி ஒரு நொடிக்கணக்கே கிடையாது. 1991-இல் நியூயார்க்கில் ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் நீதிபதி 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையோடுதான் தீர்ப்பையே தொடங்கினார். அந்த ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அனுமதி வாங்கும் வேலையை ஹிப்-ஹாப் உலகம் ஒரு தனித் துறையாகவே நடத்தத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

2005-இல் ஆறாவது சர்க்யூட் (அமெரிக்காவின் ஒரு நீதி வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் கடுமையாகச் சொன்னது. ஃபங்கடெலிக் குழுவின் கிடார் ஒலி இரண்டு நொடி. ஒரு ராப் பாட்டில் அதைச் சுருதி தாழ்த்தி, திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பாக நீட்டிப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒலிப்பதிவிலிருந்து எடுத்தால் அளவு பார்க்க மாட்டோம், உரிமம் வாங்கு அல்லது சாம்பிள் எடுக்காதே என்றது நீதிமன்றம். 2016-இல் ஒன்பதாவது சர்க்யூட் இதை ஏற்கவில்லை. மடோனாவின் பாட்டில் இருந்த 0.23 நொடி ஹார்ன் (ஊதுகருவி) ஒலியைச் சாதாரணக் கேட்பவர் அடையாளம் காண முடியாது, அது குற்றமில்லை என்றது. ஆறாவது சர்க்யூட்டின் எல்லைக்குள் நாஷ்வில் இருக்கிறது. ஒன்பதாவதில் லாஸ் ஏஞ்சலிஸ். அமெரிக்க இசைத்தொழிலின் இரண்டு பெரிய ஊர்களில் ஒரே இரண்டு நொடிக்கு இரண்டு சட்டம். உன் பாட்டு இணையத்தில் இரண்டு ஊரிலும் கேட்கும் என்பதால், கடுமையான விதியை மனதில் வைத்தே வேலை செய்.

ஜெர்மனியிலும் இரண்டு நொடிதான். கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977 பதிவிலிருந்து எடுத்த தாளத் துணுக்கு 1997-இல் ஒரு ராப் பாட்டில் சுழன்றது. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மிகச் சிறிய துணுக்குக்கும் அனுமதி வேண்டும்; காதுக்கு அடையாளமே தெரியாதபடி மாற்றப்பட்டிருந்தால் மட்டும் அது நகலெடுப்பு ஆகாது என்றது. சுருதியைக் கொஞ்சம் ஏற்றி, எக்கோ போட்டால் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று நம்பாதே. உன் காதுக்குப் பிடித்துப்போன அந்தத் தன்மைதான் உரிமையாளரின் காதுக்கும் எட்டும். பாட்டிலிருந்து குரலை மட்டும் மென்பொருளால் பிரித்தெடுத்தாலும் அது அதே ஒலிப்பதிவுதான்.

அனுமதி கேட்கும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள். ஆல்பத்தின் உறையில் P என்ற ஆங்கில எழுத்து வட்டத்துக்குள் இருக்கும் வரி ஒலிப்பதிவு உரிமையாளரைக் காட்டும். நிறுவனம் கைமாறியிருக்கலாம் என்பதால் இப்போதைய உரிமையாளரைத் தேடு. எழுதியவர்களையும் பப்ளிஷர்களையும் அமெரிக்காவில் பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஆஸ்காப், பிஎம்ஐ அமைப்புகளின் பொதுத் தரவுத்தளங்களில் பார்க்கலாம். நான்கு பேர் எழுதிய பாட்டென்றால் நான்கு தரப்பின் சம்மதமும் வேண்டும். ஐந்து சதவீதப் பங்கு வைத்திருப்பவர் மறுத்தாலும் பாட்டு நின்றுவிடும். நீ எடுத்த பாட்டுக்குள்ளேயே வேறொரு சாம்பிள் இருக்கிறதா என்பதையும் பார். இருந்தால் அந்தத் தரப்பிடமும் போக வேண்டியிருக்கும்.

கடிதத்தோடு அனுப்ப வேண்டியவை: உன் பாட்டின் முதற்கட்டக் கலவை, சாம்பிள் மட்டும் தனியாக ஒரு கோப்பு, மூலப் பதிவில் எந்த நிமிடம் எந்த நொடியிலிருந்து எடுத்தாய், உன் பாட்டில் எங்கே எத்தனை முறை வருகிறது, யார் வெளியிடுகிறார்கள், எந்த ஊடகங்களில், எந்த நாடுகளில். ஊடகம் என்ற அந்த ஒரு வரியை அலட்சியம் செய்யாதே. டி லா சோல் என்ற ஹிப்-ஹாப் குழு தன் பழைய ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்கில் கொண்டுவர 2023 மார்ச் வரை காத்திருந்தது. பழைய அனுமதிகள் டிஜிட்டல் வருவதற்கு முன்பு, இசைத்தட்டையும் கேசட்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். ஒரு தலைமுறை ரசிகர்களுக்கு அந்தப் பாட்டுகள் முறையாகக் கிடைக்காமலே போயின.

பதிலாக மாஸ்டர் உரிமையாளர் முன்பணமும் ராயல்டியும் கேட்பார். பப்ளிஷர் உன் புதிய பாட்டின் இயற்றல் உரிமையில் பங்கு கேட்பார். ஒரு தரப்புக்கு அதிகம் கொடுத்தால் மற்ற தரப்புக்கும் அதே அளவு கொடுக்க வேண்டும் என்ற ஷரத்து வழக்கமாக வரும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மறுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஏற்கெனவே வெளியான பாட்டை அப்படியே மறுபடி பாடிப் பதிவு செய்ய அமெரிக்காவில் கட்டாய உரிமம் இருக்கிறது. சாம்பிளுக்கு அது கிடையாது. பதில் வரவில்லை என்றால் அனுமதி இல்லை என்றே பொருள். 'மூன்று முறை எழுதினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை' என்பது நீதிமன்றத்தில் நிற்காது.

பேரம் பேசும் பலம், பாட்டு வெளிவருவதற்கு முன்புதான் உன் கையில் இருக்கும். தி வெர்வ் குழுவின் 1997 வெற்றிப் பாடல், ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றின் வாத்திய இசைப் பதிவிலிருந்து எடுத்த சாம்பிள் மேல் எழுந்தது. தகராறு முடிந்தபோது எழுதியவர்கள் என்ற இடத்தில் ரோலிங் ஸ்டோன்ஸின் ஜாக்கரும் ரிச்சர்ட்ஸும் வந்துவிட்டார்கள். இயற்றல் வருமானம் தி வெர்வ் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டின் கையை விட்டுப் போனது. அந்த உரிமை அவருக்குத் திரும்பியது 2019-இல்.

மாஸ்டர் உரிமையாளர் மறுத்தாலோ தாங்க முடியாத தொகை கேட்டாலோ இன்னொரு வழி உண்டு. அந்த வரியை நீயே, அல்லது கலைஞர்களை வைத்து, புதிதாக வாசித்துப் பதிவு செய்வது. அமெரிக்கச் சட்டத்தின் 114-ஆம் பிரிவுப்படி, ஒலிப்பதிவு உரிமை அந்தப் பதிவின் உண்மையான ஒலியை மட்டுமே காக்கிறது. தனியாக வாசித்து அச்சு அசலாக அதே போல் ஒலிக்கச் செய்தாலும் மீறல் இல்லை. அப்போது இயற்றல் அனுமதி மட்டும் போதும். பலர் தவறுவது எங்கே என்றால், 'அசல் தன்மை வரவில்லையே' என்று பழைய பதிவைக் குறைந்த ஒலியில் அடியில் கலந்துவிடுகிறார்கள். அதோடு எல்லாம் வீணாகிறது. வாசித்த கலைஞர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. தேதியோடு கூடிய திட்டக் கோப்புகளை அழிக்காதே. நீ புதிதாக வாசித்தாய் என்பதற்கு அவைதான் சான்று.

காசு கொடுத்து வாங்கும் லூப் தொகுப்புகளிலும் சிக்கல் இருக்கிறது. ராயல்டி இல்லை என்றால் ஒவ்வொரு விற்பனைக்கும் பணம் கட்ட வேண்டாம் என்று பொருள். லூப் உனக்குச் சொந்தம் என்று பொருளில்லை. அதே லூப்பை ஆயிரம் பேர் பயன்படுத்துவார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் கோரிக்கை பறக்கும். அந்த நேரத்தில் மட்டும் மறுப்பது சரி, உரிமச் சான்று கையில் இருந்தால். உன் பாட்டில் அப்படிப்பட்ட லூப் இருந்தால் நீயும் கன்டென்ட் ஐடியில் பதிய ஒப்புக்கொள்ளாதே. உன் பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்தின் படிவத்தில் ஒரு சிறு கட்டமாக அது இருக்கும், கவனிக்காமல் தட்டிவிடுவாய். அதே ஒப்பந்தத்தில், பாட்டில் உள்ள அனைத்துக்கும் உரிமை உன்னிடம் இருப்பதாக உறுதி கொடுக்கிறாய், வழக்கு வந்தால் அவர்களுடைய செலவையும் ஏற்பதாக ஒப்புக்கொள்கிறாய். பிறர் செய்த பீட்டை (பாடுவதற்கான பின்னணி இசையை) இணையத்தில் வாங்கும்போது, உள்ளே சாம்பிள் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

இதற்கெல்லாம் ஒரே மருந்து சாம்பிள் ஏடு. ஒரு விரிதாள் போதும். மூலப் பாட்டு, கலைஞர், ஆண்டு, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை, எங்கிருந்து இறக்கினாய், உரிமத்தின் வகை, ரசீது இருக்கும் இடம், உன் எந்தத் திட்டத்தில் போட்டாய். சாம்பிளை இழுத்துப் போடும் அந்த நிமிடமே எழுது. ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுத முடியாது. அடையாளமே தெரியாதபடி நீயே வெட்டி வைத்திருப்பாய். பயிற்சிக்குப் பழைய பதிவுகளை எடுத்துக்கொள்: 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகிவிட்டன. பிற நாடுகளின் கணக்கு வேறு, அவற்றைத் தனியே பார்.

இப்போது மறுபடி பெற்றோருக்கு. இவ்வளவு விவரம் பிடித்துப்போகும் பிள்ளைக்கு இந்தத் துறையில் இசையமைப்பதைத் தாண்டியும் இடம் இருக்கிறது. பப்ளிஷர்களிடமும் இசை நிறுவனங்களிடமும் உரிமம், ராயல்டி கணக்கு, தரவுச் சரிபார்ப்பு ஆகிய வேலைகள் நிலையானவை; தொடக்க நிலையில் ஒருவரை எடுப்பதும் அங்கேதான் எளிது. கணக்கு, வணிகம், சட்டம் எதைப் படித்தவரும் நுழையலாம். அனுமதி பெற்றுத் தரும் முகவர் வேலைக்கு அங்கே சில ஆண்டு அனுபவம் தேவை. வழக்கறிஞராக வேண்டுமென்றால் சட்டப் படிப்பு முடித்து அறிவுசார் சொத்துரிமையில் மேற்படிப்பு. இரண்டு பாட்டுகளை ஒப்பிட்டு நிபுணர் அறிக்கை எழுதும் இசையியலாளர் வேலை மிகவும் கவர்ச்சியாகத் தோன்றும். 2015-இல் மறைந்த பாடகர் மார்வின் கேயின் குடும்பத்தினர், பாட்டு நகலெடுக்கப்பட்டதாகத் தொடுத்து வென்ற வழக்குக்குப் பிறகு, வெளியீட்டுக்கு முன்பே பாட்டுகளை அவர்களிடம் காட்டிச் சரிபார்க்கும் பழக்கமும் வளர்ந்தது. ஆனால் அது மிகச் சிறிய வட்டம். இசையில் ஆழமான பட்டமும், கேட்டதைச் சுரக்குறிப்பில் எழுதும் திறனும், நீண்ட அனுபவமும் கேட்கும். அதை மட்டும் நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேருவதற்கு முன் ருசி பார்க்கச் செலவில்லாத இரண்டு வழிகள் உண்டு. ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் அகாடமி, டிஎல்-101 என்ற பொதுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. ஜார்ஜ் வாஷிங்டன், கொலம்பியா சட்டக் கல்லூரிகளோடு தொடர்புடைய இசைக் காப்புரிமை வழக்குத் தொகுப்பில் சர்ச்சைக்குரிய பாட்டுகளின் ஒலியும் சுரக்குறிப்பும் தீர்ப்பும் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒரு வழக்கை எடுத்து, தீர்ப்பைப் படிக்கும் முன் ஒலியை மட்டும் கேட்டு யார் வென்றிருப்பார் என்று அவனை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கங்களையும் சாம்பிள் ஏட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசினால், அவனுக்குப் பிடித்தது ஒலியா, சட்டமா, கணக்கா என்பது தெரிந்துவிடும். எந்தப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பது என்பதை அப்போது முடிவு செய்யலாம்.