வீட்டுக்காரருக்குக் கால் முறிவு, கையில் இரண்டு குழந்தைகள்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். என் கணவர் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு பைக்கில் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் எதிரே ஏறி வந்த கார் இடித்து விழுந்துவிட்டார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெண்ணுக்கு 4 வயது, பையனுக்கு 10 மாதம். மாமியாருக்கு மூட்டு வலி, குனிந்து நிமிர முடியாது. ராத்திரி பையனுக்குப் பால் கொடுத்துவிட்டுப் படுத்தால் அவர் யூரினுக்குக் கூப்பிடுகிறார். பெண் மறுபடியும் படுக்கையில் சிறுநீர் போகிறாள். ஏற்காட்டிலிருந்து பேரிக்காய் வாங்கி வரச்சொல்லி அப்பாவிடம் கேட்டவள், இப்போது பேரிக்காயைக் கண்டாலே தள்ளிவிடுகிறாள். அவர் யாரிடமும் பேசுவதில்லை, பேசினால் எரிந்து விழுகிறார். சொந்தக்காரர்கள் எண்ணெய் போட்டு நீவிக் கட்டுப் போடச் சொல்கிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாழப்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருக்கிறது.

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்தப் பேரிக்காய்தான். எலும்பு, பணம் எல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அவளைப் பார்ப்போம்.

நான்கு வயதுப் பிள்ளை உலகத்தில் நடக்கிற எல்லாமே தன்னால்தான் நடக்கிறது என்று நம்புகிற வயது. பேரிக்காய் கேட்டோம், அப்பா போனார், விழுந்துவிட்டார், அதனால் எல்லாம் என் தப்பு என்று அந்தச் சின்ன மண்டைக்குள் கணக்குப் போட்டு வைத்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, பழத்தைத் தள்ளிவிடுவாள். இன்றைக்கே, சாயங்காலம் சாப்பாடு ஊட்டும்போது, அப்பா பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "அப்பாவைக் கார் வந்து இடிச்சுது கண்ணு. அதனாலதான் விழுந்தாரு. நீ பழம் கேட்டதுக்கும் அதுக்கும் ஒண்ணுமே இல்ல. டாக்டர் உள்ள ஒரு தகடு வச்சுக் காலைச் சரி பண்ணிட்டாரு. கொஞ்ச நாள்ல அப்பா நடப்பாரு." இவ்வளவு போதும். ஆனால் இதையே பத்து தடவை சொல்ல வேண்டியிருக்கும், அவள் பத்து தடவை கேட்பாள், சலிக்காமல் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அந்த வார்த்தைகளை அவள் அப்பாவே சொன்னால் இன்னும் நல்லது.

படுக்கை நனைவது இந்த மாதிரி அதிர்ச்சிக்குப் பிறகு சாதாரணமாக வருவதுதான். திட்ட வேண்டாம், மாமியாரையும் திட்ட விடவேண்டாம். ஒரு ரப்பர் ஷீட் விரித்துவிடுங்கள், பெரும்பாலும் வீடு பழைய நிலைக்கு வர வர அதுவும் நிற்கும். இரண்டு மூன்று மாதம் கழித்தும் தொடர்ந்தாலோ, சிறுநீர் போகும்போது எரிகிறது என்றாலோ, காய்ச்சல் இருந்தாலோ குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். அவள் பால்வாடிக்கோ ஸ்கூலுக்கோ போய்க்கொண்டிருந்தால் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். வீட்டில் எல்லாமே மாறிப்போன பிள்ளைக்கு மாறாத ஒன்று வேண்டும், உங்களுக்கும் அந்த நான்கைந்து மணி நேரம் வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்காரர். நான் பிசியோதெரபிஸ்ட், வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவன். கட்டிலில் கிடக்கிற ஆண்கள் எரிந்து விழுவதற்கு வலி ஒரு காரணம், வருமானம் நின்றது இன்னொரு காரணம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை அவர்கள் சொல்வதில்லை: வீட்டில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது, தான் மட்டும் ஒரு வேலையும் இல்லாமல் தண்ணீருக்கும் பாட்டிலுக்கும் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு கிடப்பது. அவர்மேல் இரக்கப்பட்டு எல்லாவற்றையும் நீங்களே செய்யச் செய்ய அது கூடிக்கொண்டேதான் போகும்.

அவருக்குக் கால்தான் உடைந்திருக்கிறது. அப்பா வேலைக்கு லீவு தேவையில்லை. கொலுசில் கண்ணுக்குத் தெரியாத கொக்கியெல்லாம் மாட்டிப் பழகின விரல்கள், பெண்ணுக்கு ரெட்டை ஜடை பின்னத் தெரியாதா? காலையில் அவளுக்குத் தலை வாருவது, சாப்பாடு ஊட்டுவது, ராத்திரி கதை சொல்லித் தூங்க வைப்பது, இந்த மூன்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே நடக்கும். மாமியார் "ஆம்பளைகிட்டப் போய் இதையெல்லாம் கொடுக்கறியா" என்று சொல்லக்கூடும். அவர் சம்மதித்தால் மாமியாரும் அடங்கிவிடுவார். முதல் இரண்டு நாள் ஜடை கோணலாகத்தான் இருக்கும், நீங்கள் போய் அவிழ்த்துப் பின்னிவிடாதீர்கள்.

ராத்திரி யூரின் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் பாதித் தூக்கம் அதில்தான் போகிறது, அதை முதலில் நிறுத்தலாம். மூடி போட்ட யூரின் கேன் இரண்டு வாங்கி, கட்டிலில் அவர் கைக்கு எட்டும் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வையுங்கள். அவரே எடுத்து, அவரே மூடி வைக்கட்டும், காலையில் நீங்கள் கொட்டினால் போதும். மலம் கழிக்க கமோடு சேர், சர்ஜிகல் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு உட்கார வைக்கிறார்கள் பல வீடுகளில், வழுக்கும், உடையும், தயவுசெய்து வேண்டாம். அவரைத் தூக்கவும் கூடாது. கை ஊன்றி, நல்ல காலால் எழுந்து நிற்க அவரால் முடியும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். பையனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையும் தூக்கினால், அடுத்துப் படுக்கப்போவது நீங்கள்தான்.

காலைப் பற்றிச் சில விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் தெரியாமல் கெடுத்துக்கொள்கிறார்கள். கால் மேலே இருக்கட்டும் என்று முழங்கால் மடிப்புக்கு அடியில் தலையணையை மடித்து வைப்பார்கள். இதமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கின நிலையிலேயே இறுகிப்போய், பிறகு நீட்ட வைக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். தலையணையை நீளவாக்கில், கெண்டைக்காலும் குதிகாலும் அதன்மேல் படும்படி வையுங்கள், முழங்கால் நேராக இருக்க வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டச் சொல்லுங்கள். முழங்காலை எவ்வளவு மடக்கலாம் என்பதை மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது பிளேட் பிடித்திருக்கும் விதத்தைப் பொறுத்தது.

எண்ணெய்க் கட்டு, நீவுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே உலோகம் இருக்கிறது, மேலே தையல் போட்ட இடம் இருக்கிறது. அதைவிட முக்கியம், அடிபட்ட காலில் ரத்தக்கட்டி இருந்தால் நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து. சொந்தக்காரர்களிடம் சண்டை போடாமல் "டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாருங்க" என்று சொல்லி முடித்துவிடுங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும், தையல் போட்ட இடத்தில் சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், விரல்கள் நீலம் பாய்ந்தோ மரத்தோ போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் யோசிக்கவே வேண்டாம், 108.

ஆட்டுக்கால் சூப்புக்குத் தினமும் செலவு செய்ய வேண்டாம், அதில் சுண்ணாம்புச் சத்து நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, களியோ கூழோ கொடுங்கள், கூட முட்டை, பருப்பு, கீரை. பீடி சிகரெட் இருந்தால் எலும்பு கூடுவது தள்ளிப்போகும், இதை அவர் காதில் போட்டுவிடுங்கள்.

உங்கள் பையன் தவழ்கிறான், பிடித்து நிற்கிறான். தரையோரம் இருக்கும் மாத்திரைக் கவர்தான் அவன் கைக்கு முதலில் எட்டும், வலி மாத்திரைகளில் சில அவன் வயதுக்கு ஒன்றே போதும் மூச்சை நிறுத்த. கவரை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, வேளை வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். அவர் வாக்கரோடு எழுந்திருக்கும்போது பையன் யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும், வாக்கர் காலைப் பிடித்து நிற்கத்தான் பார்ப்பான். பட்டறைக்காரர் "வீட்டுக்கே வேலை கொடுத்தனுப்பறேன்" என்று சொன்னால் நல்லதுதான், ஆனால் பற்றவைக்கும் வேலையும் ஆசிட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது, கோர்க்கிற வேலை என்றாலும் அந்தச் சலங்கை மணிகள் சரியாகப் பத்து மாதக் குழந்தையின் தொண்டையில் அடைக்கிற அளவு. அவன் தூங்கும்போது மட்டும் செய்து, எண்ணி டப்பாவில் போட்டு மூடச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். விபத்து நடந்த முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைக்கு 2021-இல் தமிழக அரசு கொண்டுவந்த இன்னுயிர் காப்போம் திட்டம் உண்டு, அது முடிந்திருக்கும். மீதிச் செலவுக்கும் பின்னால் வரும் சிகிச்சைக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் எடுக்கலாம். பிசியோதெரபிக்கு வெளியே காசு கட்ட முடியாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பயிற்சி கொடுக்கிறார்கள், உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கார் இடித்தது என்கிறீர்கள், அப்படியானால் எஃப்ஐஆர் நகல் கையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில், ஆட்டோ வாடகைச் சீட்டு முதற்கொண்டு ஒரே பையில் போட்டு வையுங்கள். இழப்பீட்டு மனு விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2019-இல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டம், அதனால் "கால் சரியாகட்டும் பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். கார்க்காரர் ஆளை அனுப்பிக் கொஞ்சம் பணம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டாலும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஏஜென்ட் யாராவது வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் போடவே கூடாது. வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

அப்புறம் நீங்கள். உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வந்து, "எது வேணும்னாலும் கேளும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், பொய்யாகச் சொல்வதில்லை, என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். கொழுந்தனார் இருந்தால் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் வந்து பிடித்து வைத்துவிட்டுப் போகட்டும். எதிர்வீட்டு அக்கா சாயங்காலம் ஒரு மணி நேரம் பையனைத் தூக்கிக்கொள்ளட்டும், அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பாத்திரம் கழுவாமல் படுத்துத் தூங்க வேண்டும். ரேஷன் யார், பெண்ணை ஸ்கூலில் விடுவது யார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாமியாரால் குனிய முடியாது, உட்கார்ந்து பையனுக்குச் சோறு ஊட்டவும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் முடியுமே. தூக்கம் கிடைத்தும் தொடர்ந்து இரண்டு வாரம் அழுகை நிற்கவில்லை என்றால், அல்லது அவர் "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசினால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல், அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

வாழப்பாடிக்குப் போவதா என்று கேட்டீர்கள். ஊர் பேசுவதை விடுங்கள், அது காரணமே இல்லை. அப்பா எங்கே, என்னால்தானே இப்படி என்று ஏற்கெனவே தவிக்கிற பெண்ணை இப்போது அவரிடமிருந்து பிரித்தால், அவள் போட்ட கணக்கு சரி என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அவளை மட்டும் அனுப்புவது அதைவிட மோசம். உங்கள் அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள், இன்னும் மூன்று வாரம்தானே, ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எவ்வளவு எடை வைக்கலாம் என்று டாக்டர் சொல்லும்வரைக்கும். அந்த எக்ஸ்ரே நாளன்று அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போவது யார், பையனை வைத்துக்கொள்வது யார் என்பதையும் அம்மா வந்தவுடன் பேசி முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் அன்றைக்குக் காலையிலிருந்து மதியம்வரை நீங்கள் அங்கே உட்கார வேண்டியிருக்கும்.