கதவைத் திறந்துவைத்து உட்காருங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. புத்தர் சொன்ன வழியில் வாழ வேண்டும் என்று விபாசனா என்ற தியானப் பயிற்சியின் பத்து நாள் வகுப்புக்கு மூன்று முறை போய்வந்திருக்கிறேன். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காருகிறேன், முடிவில் மெத்தா சுத்தம் என்ற, அன்பைப் பற்றிய புத்தரின் பாலி உரையைச் சொல்லி எல்லா உயிர்களுக்கும் அன்பை அனுப்புகிறேன். கோபம் நிறையக் குறைந்திருக்கிறது. ஆனால் காசா, உக்ரைன் காணொளிகளைப் பார்த்தால் எல்லாம் கலைந்துபோகிறது. இடிபாடுகளுக்கு நடுவே ஒருவர் வயதான தாயை முதுகில் சுமந்துகொண்டு நடந்ததைப் பார்த்துவிட்டு ஓர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. பார்க்காமல் விட்டால் சுயநலம் போலத் தோன்றுகிறது. சமநிலை குலையாமல் செய்தி பார்ப்பது எப்படி? வீட்டுச் சூழ்நிலையும் தியானத்துக்கு ஏற்றதாக இல்லை. அம்மா பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. நான் ஒரே பிள்ளை. விடியற்காலையில் அம்மா சத்தம் போடுவார் என்பதால் கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் உட்கார முடிகிறது. மனைவிக்கு இதிலெல்லாம் நாட்டம் இல்லை, எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் நான்காவது முறை போக இடம் கிடைத்திருக்கிறது. வழிகாட்டுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, செய்தியைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தத் துண்டை எடுங்கள்.

நீங்கள் எழுதி அனுப்பியது நான்கு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் மூன்று பக்கத்துக்கு மேல் உலகம், போர், உங்கள் மனநிலை. அம்மாவுக்கு ஐந்தாறு வரி. அந்தத் துண்டுக்கு அரை வரி. இந்தப் பகுதியை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இதே கடிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. முன்பு பஜனை, சத்சங்கம் என்று வந்தது, நடுவில் யோகா வகுப்பு என்று வந்தது, இப்போது விபாசனா. எல்லாவற்றிலும் உள்ளறையில் நோயாளி ஒருவர் படுத்திருப்பார், அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு நாட்டம் இல்லை என்று ஒரு வரி இருக்கும். உங்கள் அமைதி வளர்ந்திருக்கிறது, நல்ல பாதையில்தான் போகிறீர்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன்.

கதவைச் சாத்துவது வேறு, அதை எல்லோரும் செய்வார்கள். ஆனால் ஒரு துண்டை எடுத்து, சுருட்டி, குனிந்து, இடைவெளி விடாமல் கதவுக்கு அடியில் திணிக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். யாருடைய சத்தம் என்று தெரியும். எந்த நேரத்துக்கு வரும் என்றும் தெரியும். தெரிந்தே தினமும் அடைக்கிறீர்கள், அடைத்துவிட்டு உட்கார்ந்து எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்கிறீர்கள்.

அம்மா சத்தம் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கூப்பிடுகிறார், தம்பி. வலப்பக்கம் விழுவதும் பேச்சு போவதும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தில் அடி. வாயில் சொல் வராது, ஆனால் இப்படிப்பட்டவர்கள் பலருக்கு ஆளைத் தெரியும், நாம் பேசுவது ஓரளவாவது புரியும். விடியற்காலை என்றால் என்னவாக இருக்கும்? ராத்திரி கட்டிய டயபர் நனைந்து கனத்திருக்கும். ஒரே பக்கமாகப் படுத்த இடுப்பு வலிக்கும். நாக்கு வறண்டிருக்கும். அதைச் சொல்ல அவரிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு குரல்தான். அது ஒரே பிள்ளையின் அறைவரை வந்து துண்டில் முட்டி நின்றுவிடுகிறது.

சரி, கதவுக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? செயலற்ற பாதி உடம்போடு இருப்பவரைத் தனி ஆளாகப் புரட்டிப் பாருங்கள். தூக்குகிறவருக்கு உதவ அந்தக் கை வராது, அந்தக் கால் ஊன்றாது, முழு எடையும் தூக்குகிறவர் இடுப்பில் இறங்கும். நனைந்த விரிப்பை ஒரு பக்கமாகச் சுருட்டி, அவரை அதன்மேல் உருட்டி, மறுபக்கம் உருவி எடுக்க வேண்டும், அதற்குள் புது விரிப்பும் நனையாமல் இருந்தால் அது நல்ல காலை. துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்து, பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, நிமிர்த்தி உட்காரவைத்துப் புரையேறாமல் கரண்டி கரண்டியாகக் கஞ்சி கொடுக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றச் சொல்லியிருப்பார்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் யார் எழுந்திருக்கிறார்கள்? இதை ஒன்றரை வருடமாகச் செய்யும் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அவரைப் பெற்ற தாய் அல்ல அது. உங்களைப் பெற்றவர். உங்கள் கடனை அவர் அடைத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் அவருக்கு நாட்டம் இல்லை என்கிறீர்கள்.

புத்தர் வழி என்று சொன்னீர்கள் அல்லவா, அதையே பேசுவோம். நீங்கள் தினமும் சொல்லும் மெத்தா சுத்தத்தில் அன்புக்கு அளவுகோலாக வருவது யார்? தன் ஒரே பிள்ளையைத் தன் உயிரைக் கொடுத்துக் காக்கும் தாய். அந்தத் தாயைப் போல எல்லா உயிர்களிடமும் மனதை எல்லையில்லாமல் விரிக்கச் சொல்கிறது. ஒரே பிள்ளையான நீங்கள் அந்த வரியை வாயால் சொல்லும்போது அந்தத் தாய் அடுத்த அறையில் ஈரத்தில் படுத்திருக்கிறார். இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில் ஒரு சம்பவம் உண்டு. ஒரு பிக்கு வயிற்றுப்போக்கு வந்து தன் மலத்திலும் சிறுநீரிலுமே கிடக்கிறார். தன் சீடர் ஆனந்தரோடு குடில்களைப் பார்த்துக்கொண்டு வந்த புத்தர் அவரைப் பார்க்கிறார். ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார், புத்தர் தண்ணீர் ஊற்ற ஆனந்தர் கழுவுகிறார். பிறகு தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகப் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அப்புறம்தான் மற்ற பிக்குகளைக் கூப்பிட்டுக் கேட்கிறார்: உங்களைப் பார்த்துக்கொள்ள இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை, நீங்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? எனக்குப் பணிவிடை செய்ய நினைக்கிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். நோயாளியைத் தூக்க அங்கே இரண்டு பேர் சேர்ந்தார்கள், அதில் ஒருவர் புத்தர். உங்கள் வீட்டில் ஒருவர்தான் தூக்குகிறார்.

இன்னொன்றும் கேளுங்கள். மழைக்காலத்து மூன்று மாதம் பிக்குகள் தங்கிய இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது விதி. அந்த விதியிலேயே ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். தாய்க்கோ தந்தைக்கோ உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் ஏழு நாள்வரை போய்வரலாம், ஆள் அனுப்பிக் கூப்பிடாவிட்டாலும் போகலாம். வீட்டைத் துறந்தவருக்கே இது. நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள், அம்மா கூப்பிடவும் செய்கிறார்.

நீங்கள் கற்றுவந்த பயிற்சியின் கதையாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை இங்கே கொண்டுவந்த கோயங்கா மண்டலேயில் பிறந்த வணிகர், குடும்பஸ்தர். அவருடைய ஆசிரியர் ஊ பா கின் பர்மா அரசில் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர், அவரும் குடும்பஸ்தர். பர்மாவை விட்டு வெளியே போக எளிதில் அனுமதி கிடைக்காத காலத்தில், 1969-ல் கோயங்கா இந்தியாவுக்கு வந்தது இங்கே நோயோடு இருந்த தன் தாய்க்காக. அந்த ஜூலையில் பம்பாயில் அவர் நடத்திய முதல் வகுப்பில் இருந்தவர்கள் 14 பேர், அதில் அவருடைய தாயும் தந்தையும் உண்டு. ஒரு பிள்ளை நோயுற்ற தாயிடம் வந்ததால் இந்த நாட்டில் தொடங்கிய வகுப்பு இது. நோயுற்ற தாயை விட்டுவிட்டு அதே வகுப்புக்கு நான்காவது தடவை போகிறேன் என்கிறீர்கள்.

பற்று அற்றுப்போக வேண்டாமா என்று அடுத்து கேட்பீர்கள், இப்படிக் கேட்காதவர் குறைவு. விசுத்திமார்க்கம் என்ற பௌத்த தியான நூலை எழுதிய புத்தகோசர் நம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். சமநிலைக்கு மிக அருகில் நின்று அதைப் போலவே தோன்றும் பகை ஒன்று உண்டு, அது அறியாமையால் வரும் பாராமுகம் என்று அந்த நூலில் எச்சரிக்கிறார். உங்களுக்குக் கோபம் குறைந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் கோபம் வரக்கூடிய இடத்துக்கே நீங்கள் போகவில்லை. அந்த அறைக்குள் நின்று, கை அழுக்காகி, அம்மா கஞ்சியை உங்கள் சட்டையில் துப்பிய பிறகும் குரல் உயராமல் இருந்தால், அப்போது சமநிலை என்று எழுதுங்கள், நானே பிரசுரிக்கிறேன்.

அம்மாவுக்குப் பிள்ளை எப்படிச் செய்வது, அவருக்கே கூச்சமாக இருக்காதா என்றும் தோன்றும். இருக்கும். நம் ஊர் அம்மாக்கள் உயிர் போனாலும் மகன் முன்னால் சேலை விலக விடமாட்டார்கள், அதை மதிக்க வேண்டியதுதான். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் உதவியாளரை வையுங்கள், உங்கள் சம்பளத்தில் முடியும். மற்றதெல்லாம்? பக்கம் மாற்றுவது, கஞ்சி கொடுப்பது, மாத்திரை, கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி, நனைந்த விரிப்புகளை அலசிப் போடுவது, ராத்திரி எழுந்திருப்பது? இதில் எதற்குக் கூச்சம் வேண்டும்? தந்தையும் தாயும் என்னைப் பேணினார்கள், நான் அவர்களைப் பேணுவேன் என்பதுதான் சிகாலன் என்ற இளைஞனுக்குப் பெற்றோர் விஷயத்தில் புத்தர் சொன்ன முதல் கடமை. மருமகளிடம் ஒப்படைப்பேன் என்று அதில் இல்லை. பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளையின் வேலை, பிள்ளைக்கு மனைவி துணை நிற்கலாம், அவ்வளவுதான். நம் வீடுகளில் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம், எனக்கு அதில் சமரசம் கிடையாது.

இப்போது உங்கள் செய்திக் கேள்வி. புத்தர் ஊர் விவகாரம் எனக்கெதற்கு என்று இருந்தவர் அல்ல. சாக்கியர், கோலியர் என்ற இரண்டு குலத்தாரும் ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக ஆயுதம் எடுத்தபோது நடுவில் போய் நின்று, தண்ணீரின் விலை பெரிதா மனிதர்களின் இரத்தம் பெரிதா என்று கேட்டதாக உரைநூல்கள் சொல்கின்றன. 2007 செப்டம்பரில் யாங்கூன் தெருக்களில் ராணுவ ஆட்சியின் துப்பாக்கிகளுக்கு முன்னால் பிக்குகள் நடந்தார்களே, அப்போது அவர்கள் வாயில் இருந்ததும் நீங்கள் சொல்லும் அதே மெத்தா சுத்தம்தான், தெருவில் நின்று உரக்கச் சொன்னார்கள். ஆகவே பாருங்கள், கலங்குங்கள், கலங்குவது தோல்வி அல்ல. ஆனால் ராத்திரி படுக்கையில் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை விடுங்கள். பகலில் ஒரு தடவை செய்தித்தாள் படியுங்கள், நம்பிக்கையான நிவாரண அமைப்பு ஒன்றுக்கு மாதாமாதம் முடிந்ததை அனுப்புங்கள், ஊரில் போருக்கு எதிராக ஒரு கூட்டம் நடந்தால் போய் நில்லுங்கள்.

ஆனால் ஒன்று. அத்தனை காணொளிகளில் உங்களைத் தூங்கவிடாமல் செய்தது குண்டு விழுந்த காட்சி இல்லை, தாயை முதுகில் சுமந்த ஒரு பிள்ளை. ஒரு தோளில் தாயையும் மறு தோளில் தந்தையையும் நூறு வருடம் சுமந்து, குளிப்பாட்டி, அவர்கள் அங்கேயே மலஜலம் கழித்தாலும் பெற்ற கடன் தீராது என்று புத்தரின் உரைகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. கொஞ்சமாவது தீர்க்கத் தொடங்காமல் உங்களுக்குத் தூக்கம் வராது என்றுதான் நினைக்கிறேன், செய்தியை நிறுத்தினாலும் வராது.

அடுத்த மாத இடத்தை இன்றைக்கே ரத்து செய்யுங்கள், காத்திருக்கும் யாருக்காவது போகட்டும். அலுவலகத்தில் எடுத்த விடுப்பை மட்டும் ரத்து செய்யாதீர்கள். அந்தப் பத்து நாளும் உங்கள் மனைவி வீட்டில் இருக்கக்கூடாது. அவர் அம்மா வீட்டுக்குப் போகட்டும், தோழியோடு எங்காவது போகட்டும், ஒன்றும் செய்யாமல் படுத்துத் தூங்கட்டும், அது அவர் இஷ்டம், தியானத்துக்குப் போ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாரம் தினமும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்: எப்படிப் புரட்டுவது, தலையணையை எங்கே முட்டுக் கொடுப்பது, எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது. அவர் சொல்லித்தரும்போது இடையில் கோபமாக ஏதாவது வரும். ஒன்றரை வருடத்துக் கோபம். பதில் பேசாமல் கேளுங்கள். காலையில் உட்காருவதை நிறுத்தச் சொல்லவில்லை, அம்மாவுக்கு எல்லாம் முடித்தபின் உட்காருங்கள், கதவு திறந்திருக்கட்டும், கூப்பிட்டால் எழுந்து போங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவை ஒரு பக்கமாகத் திருப்பி முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மாறாமல் இருந்தால் புண் தொடங்குகிறது என்று அர்த்தம், காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.