மாமியும் பிள்ளைகளுமாக அபுதாபி சீ வேர்ல்டுக்கு ஒரு நாள்

கேள்வி: நாங்கள் கீழக்கரை. பிள்ளைகளின் வாப்பா துபாயில், தேரா பக்கம் வேலை பார்க்கிறார். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நான், மகள் (12 வயது), மகன் (5 வயது), மாமி நாலு பேரும் அங்கே போகிறோம். அபுதாபி சீ வேர்ல்டுக்குக் கூட்டிப்போவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மாமிக்கு முழங்கால் வலி, சுகரும் உண்டு. டிக்கெட் விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரே நாளில் முழுக்கப் பார்த்துவிட முடியுமா? மாமியைக் கூட்டிப்போகலாமா? “டால்பினை அடைச்சு வச்ச இடத்துக்கு நான் ஏன் வரணும்?” என்று மகள் வேறு கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்ல?

பதில்: சகோதரி, முதலில் மாமி விஷயம். தாராளமாகக் கூட்டிப்போங்கள். 2023 மே மாதம் யாஸ் தீவில் திறந்த இந்தப் பூங்கா ஏறக்குறைய முழுவதுமே கட்டடத்துக்குள் இருக்கிறது. வெயில் இல்லை, குளிர்சாதனம் உண்டு. ஆனால் பரப்பு ஏறத்தாழ 1,83,000 சதுர மீட்டர், ஐந்து தளங்கள். நல்ல முழங்காலே சாயங்காலம் கெஞ்சும். அதனால் நுழைந்த உடனே சக்கர நாற்காலி கேட்டு வாங்கிவிடுங்கள். “நான் என்ன நடக்க மாட்டாதவளா?” என்று மாமி கோபித்துக்கொள்ளலாம். “கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைக்க ஆகும்” என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போங்கள். மதியத்துக்குள் அவரே உட்கார்ந்துவிடுவார்.

சுகர் உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட நாளில் பெரிய ஆபத்து பாதத்தில்தான். பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கிக் கொடுக்காதீர்கள். வாங்கினால் இப்போதே வாங்கி, இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பழகட்டும். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாது. ராத்திரி வீடு திரும்பியதும் நீங்களே அவர் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே இருக்கட்டும். கூடவே நாலு குளுக்கோஸ் பிஸ்கட். பெரிய பூங்காக்களில் பொதுவாக வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை, மருத்துவக் காரணம் சொன்னால் மறுக்க மாட்டார்கள். பென்குயின், வால்ரஸ் இருக்கும் துருவப் பகுதியில் குளிரும். மாமிக்குத் துப்பட்டி போதாது, உள்ளே ஒரு ஸ்வெட்டர் வேண்டும். சின்னவனுக்கும்தான்.

எந்த நாள் போவது? அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. வெள்ளிக்கிழமை அரசு அலுவலகங்களுக்கு அரை நாள். நம் ஆட்கள் இன்னும் வெள்ளிக்கிழமையை வைத்தே திட்டம் போடுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்குமானால் செவ்வாய் அல்லது புதன் பாருங்கள். தேராவிலிருந்து யாஸ் தீவு 100 கிலோமீட்டருக்கு மேல், காரில் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். கதவு திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். பக்கத்திலேயே ஃபெராரி வேர்ல்டும் வாட்டர் வேர்ல்டும் இருப்பதால் இரண்டு பூங்காவுக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்தால் லாபம் என்று ஆசை காட்டும். முழங்கால் வலிக்காரரையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு என்பது இரண்டையும் கெடுப்பது. ஒன்று போதும்.

அந்த ஒன்றைக்கூட முழுக்கப் பார்க்க முயல வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளைக் கடலுக்கும் மீன் காட்சியகங்களுக்கும் கூட்டிப்போகிற வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. ஓடி ஓடி எல்லாத் தொட்டியையும் பார்த்த பிள்ளைக்கு மறுநாள் ஒரு மீனைக்கூடச் சொல்லத் தெரியாது. ஒரே தொட்டியின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்த பிள்ளை ஒரு வருஷம் பேசும். கொடுத்த காசு எத்தனை இடம் பார்த்தோம் என்பதில் திரும்பி வருவதில்லை, எதை நின்று பார்த்தோம் என்பதில்தான் வருகிறது.

இனி அன்றைய ஒழுங்கு. நடுவில் ஒரு பெரிய கூடம். அதிலிருந்துதான் ஒவ்வொரு கடல் பகுதிக்கும் வழி பிரிகிறது. பிரிந்து போனால் திரும்பிச் சேரும் இடம் அந்தக் கூடம் என்று காலையிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வாப்பாவும் மகளும் முதல் வேலையாக மன்டா என்கிற ரோலர் கோஸ்டருக்குப் போகட்டும். வரிசை நீளுவதற்குள் ஏறி இறங்கிவிடலாம். அந்த நேரத்தில் நீங்கள், மாமி, மகன் மூவரும் எதிர்த் திசையில், கூட்டம் வருமுன் பெரிய தொட்டிக்குப் போய்விடுங்கள்.

ரைடுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உயரக் கணக்கு கறார். அழுதாலும் விட மாட்டார்கள். இன்றைக்கே மகனைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து, பூங்காவின் இணையதளத்தில் அவன் எதில் ஏறலாம், எதில் கூடாது என்று பார்த்து, அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால்தான் அழுகை. சின்னப் பிள்ளைகளுக்கென்றே மைக்ரோ ஓஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது, அது அவனுடையது. ரைடில் வரும் தலைசுற்றலுக்குக் காரணம், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் கண் காண்பதும் ஒத்துப்போகாததுதான். வள்ளத்தில் போய்ப் பழகிய பிள்ளைக்கும் திரைக்காட்சி ரைடில் குமட்டலாம். அங்கே கண்ணை மூடினால் சரியாகும், கோஸ்டரில் தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்க்க வேண்டும். பிரியாணி சாப்பிட்ட கையோடு ஏற வேண்டாம். மாமி எதிலும் ஏற வேண்டாம். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் நீங்களும்.

பெரிய தொட்டிக்கு வருகிறேன். இரண்டரைக் கோடி லிட்டர் தண்ணீர். பார்க்கும் சுவர் சுமார் 20 மீட்டர் உயரம். கண்ணாடி என்போம், உண்மையில் அது தடித்த அக்ரிலிக். உட்கார இடம் பிடித்துக்கொண்டு, மகனிடம் ஒரே ஒரு மீனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சுறாவென்றால் அதன் பக்கவாட்டில் செவுள் பிளவுகளை எண்ணட்டும். பெரும்பாலான சுறாக்களுக்கு ஐந்து இருக்கும். சில சுறா வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருக்கும், நின்றால் அதற்குச் சுவாசம் போதாது. சில சுறா அடியில் சும்மா படுத்திருக்கும், வாயால் தண்ணீரை இழுத்துச் செவுளுக்குத் தள்ளத் தெரிந்தது அது. திருக்கை சிறகு அடிப்பதைப் பாருங்கள்: துணியை உதறினால் ஓடும் மடிப்பைப் போல அதன் ஓரத்தில் முன்னிருந்து பின்னாக ஒரு அலை ஓடும். அடிப்பக்கம் சிரிக்கும் முகம் மாதிரி தெரிவதில் கண் என்று பிள்ளை காட்டுவது மூக்குத் துளை; நிஜக் கண் மேல்பக்கம். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால், மீன் உண்மையில் இருக்கும் தூரத்தைவிடக் கால் பங்கு கிட்டத்தில் தெரியும். அதனால்தான் சுறா முகத்துக்கு நேரே வருகிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லுங்கள்.

தொட்டிச் சுவரைத் தட்ட மட்டும் விடாதீர்கள். தண்ணீரில் ஒலி காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். நாள் முழுக்க ஆயிரம் பேர் தட்டினால் அந்த ஜீவன்களுக்கு அது என்ன பாடு! ஃபிளாஷும் வேண்டாம். தொட்டுப் பார்க்க விடும் குளங்களில் கையைக் கழுவி, ஈரத்தோடு, இரண்டு விரலால் தொட வேண்டும். சானிடைசர் கை கூடவே கூடாது. நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டாம். துருவப் பகுதியில் வால்ரஸின் மீசையை மகளுக்குக் காட்டுங்கள். 400க்கு மேல் முடி இருக்கும், ஒவ்வொன்றும் விரல் நுனி மாதிரி உணரும். இருட்டுச் சேற்றில் சிப்பியைத் தேடிப்பிடிப்பது அதை வைத்துத்தான்.

அடுத்தது அபுதாபிக் கடலுக்கான பகுதி. அங்கே மாமியை முன்னால் விடுங்கள். துபாய் மீன் மார்க்கெட்டில் ஹமூர் என்று விற்பது நம் களவா வகை. ஊளி, பாரை, திருக்கை எல்லாம் இரண்டு கடலிலும் உண்டு. அவர் பெயர் சொல்லச் சொல்லப் பேரன் கேட்பான். முத்துக்குளிப்பும் இரண்டு ஊருக்கும் சொந்தம். வளைகுடா அரபிகளின் முத்துத் தொழில் 1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்து வந்து சரிந்தது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். சங்கும் முத்தும் பேசிய கீழக்கரைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்ல அந்த இடத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. அப்படியே கடல்பசுவை, நம் ஊர் ஆவுளியாவைப் பற்றியும் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு அடுத்து உலகத்தில் ஆவுளியா அதிகம் இருப்பது அபுதாபிக் கடலில், ஏறத்தாழ 3,000. இந்தியா முழுக்கவே சில நூறுதான், அதில் பெரும்பங்கு நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே பாதுகாப்பகமாக அறிவித்தது.

இனி மகளின் கேள்வி. அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி, மழுப்ப வேண்டாம். என் பதிலைச் சொல்கிறேன்: டால்பினைத் தொட்டியில் வைத்து வித்தை காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. திறந்த கடலில் ஒரே நாளில் பல பத்து கிலோமீட்டர் போகிற விலங்கு அது. ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு உலகத்தை அறிகிறது. எவ்வளவு பெரிய குளமானாலும் அதற்குச் சுவர் சுவர்தான். அமெரிக்காவில் ஒரு சீ வேர்ல்டு பூங்காவில் 2010இல் ஒரு ஓர்கா (டால்பின் குடும்பத்திலேயே பெரியது) தன் பயிற்சியாளரைக் கொன்றது. அதன் பிறகு எழுந்த எதிர்ப்பில் 2016இல் அந்த நிறுவனம் ஓர்காக்களை இனப்பெருக்கம் செய்வதையே நிறுத்தியது. அபுதாபிப் பூங்கா ஓர்கா இல்லாமலே கட்டப்பட்டது. டால்பின் உண்டு. நம் நாட்டிலோ 2013இல் மத்திய அரசு டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. மீன்களைப் பற்றி நான் இந்த அளவு சொல்ல மாட்டேன். நன்றாகப் பராமரித்த தொட்டியில் களவாவும் பாரையும் வாழும். அறிவும் குடும்பப் பிணைப்பும் உள்ள பாலூட்டிகளின் கதை வேறு.

அதற்காகப் பயணத்தையே நிறுத்தச் சொல்ல மாட்டேன். டால்பின் காட்சிக்கு மகள் வர மறுத்தால் விடுங்கள்; அவளும் மாமியும் அந்த நேரம் பெரிய தொட்டி முன்னால் உட்காரட்டும். டால்பினோடு நீந்துவது, கைகுலுக்குவது என்று தனிக் காசுக்கு ஏதாவது இருந்தால் வாங்க வேண்டாம். அவளுக்குத் துணிவிருந்தால் பராமரிப்பாளர் ஒருவரிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இவை கடலில் பிடித்தவையா, தொட்டியில் பிறந்தவையா? காயம்பட்டு வரும் விலங்கு தேறிய பிறகு கடலுக்குத் திரும்புகிறதா? யாஸ் தீவிலேயே அவர்களுக்கு மீட்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பதிலைக் கேட்டு அவளே முடிவு செய்வாள், 12 வயதில் அது முடியும்.

செலவைப் பற்றி ஒன்று. டிக்கெட்டைப்போலவே கையைக் கடிப்பது சாப்பாடும் பொம்மைக் கடையும். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள், ஆளுக்கு ஒரு பொருள் என்று முன்பே பேசிவிடுங்கள். ஹலால் பற்றிக் கவலை வேண்டாம், தொழுகை அறையும் உண்டு. 60 தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். மாமியின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

விமானம் ஏறுவதற்கு முன் ஒரு வேலை செய்தால் அந்த டிக்கெட்டின் மதிப்பு இரட்டிப்பாகும்: பிள்ளைகளுக்கு நம் கடலைக் காட்டிவிடுங்கள். உங்கள் ஊருக்கு எதிரே கிடக்கும் அப்பா தீவு உட்பட 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி தீவில் இறங்க அனுமதி இல்லை. ஆனால் ஏர்வாடிப் பக்கம் பிச்சை மூப்பன் வலசையிலும், பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைக்கும் வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு உண்டு. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும். அதிர்ஷ்டம் இருந்தால் கடலில் ஓங்கில் (டால்பின்) கூட்டம் துள்ளுவதை மகள் பார்ப்பாள், அவள் கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு பதில். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். படகில் மாமியை ஏற்ற வேண்டாம், இறங்குதுறைப் படிகள் முழங்காலுக்கு ஆகாது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பலத்துவிட்டால் நம் பக்கக் கடல் கொந்தளிக்கும், படகும் விட மாட்டார்கள். அதனால் பரீட்சை முடிந்த அந்த வாரமே, காலை நேரமாக, வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.