வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: பல் இம்பிளான்ட் கேள்வி-பதில்

கீழ்க் கடைவாயில் இம்பிளான்ட் வைத்து மூன்று வருடம் ஆகிறது. பல் துலக்கும்போது அந்த இடத்தில் மட்டும் ரத்தம் கசிகிறது. வலி இல்லை, ஆடவும் இல்லை. டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
- வாசகி, தேவகோட்டை

இந்த வாரமே காட்டுங்கள் அம்மா. வலி இல்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

சொந்தப் பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. பல்லுக்குக் கோளாறு வந்தால் கடிக்கும்போதே வலித்து உணர்த்துவது அதுதான். இம்பிளான்ட் என்பது டைட்டானியம் ஸ்க்ரூ. அது நேரே எலும்போடு பிடித்துக்கொள்கிறது, நடுவில் சவ்வு கிடையாது. அதனால் சுற்றியுள்ள எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் பெரும்பாலும் வலிக்காது. ஸ்க்ரூ ஆட ஆரம்பித்துவிட்டால், எலும்பின் பிடியே விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

தொற்று இரண்டு கட்டமாக வரும். முதலில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இந்த நிலையில் அழுக்கை முழுதாக எடுத்துவிட்டால் ஈறு பழையபடி ஆகிவிடும். கவனிக்காமல் விட்டால் எலும்பு கரையும்; கரைந்ததை மீட்பது கடினம். நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை, ஈறுக்கும் இம்பிளான்ட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அளந்து எக்ஸ்ரே எடுத்தால்தான் சொல்ல முடியும். ஸ்க்ரூ மேல் கேப் (செயற்கைப் பல்) மாட்டியபோது எடுத்த எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்லது இல்லை. பழைய படம் இல்லாதபோது, ரத்தக் கசிவோடு பள்ளம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேலும், எலும்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியும் இருந்தால் இரண்டாம் கட்டம் என்று ஈறு, இம்பிளான்ட் நோய்களுக்கான 2017 உலக வகைப்பாடு சொல்கிறது.

வீட்டில் கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கையைக் கழுவி, ஈறை அடியிலிருந்து கேப் பக்கமாக விரலால் மெல்ல அழுத்துங்கள். விளிம்பில் மஞ்சளாக ஏதாவது எட்டிப்பார்த்தால் அது சீழ். கேப் ஒட்டிய சிமென்ட் ஈறுக்கு அடியில் தங்கியிருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். பலருக்குத் தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்காக இரண்டு வாரம் ஊருக்கு வருகிறேன். அதற்குள் இம்பிளான்ட் வைத்து முடித்துக்கொள்ளலாமா?
- வாசகர், கண்டனூர்

ஸ்க்ரூ வைக்கலாம், கேப் வேண்டாம். எலும்பு பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் வேண்டும். கேப்பை அடுத்த பயணத்துக்குத் தள்ளிவைப்பதே பெரும்பாலோருக்கு நல்லது. ஊருக்கு வந்த உடனேயே ஆபரேஷனை முடித்துக்கொண்டால், 7 முதல் 10 நாளில் தையல் பிரித்துக் காயத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கல்யாண வீட்டுப் பந்தியில் சீப்புச் சீடையையும் உப்புக்கண்டத்தையும் அந்தப் பக்கம் கடிக்கவே கூடாது. ஸ்க்ரூ அசைந்தால் எலும்பு பிடிக்காது.

அப்பாவுக்குச் சுகர், வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். இம்பிளான்ட் வைத்தாகிவிட்டது. எப்படிப் பார்த்துக்கொள்வது?
- வாசகர், காரைக்குடி

புகையிலையை நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. அவருக்கு எவ்வளவு என்பதைச் சுகர் டாக்டர் முடிவு செய்யட்டும்.

மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்துத் தினம் இரண்டு முறை துலக்க வேண்டும். இரவில் கேப்பின் இரு பக்க இடுக்கிலும் இடைப்பல் பிரஷ் (பல் இடுக்கில் நுழையும் சின்னக் கம்பி பிரஷ்) விட்டு எடுக்க வேண்டும். கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் கம்பி உலோகத்தைக் கீறும். பிரஷ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். திணித்தால் ஈறு கிழியும், தொளதொளவென்று போனால் அழுக்கு அப்படியே நிற்கும். கறித்துணுக்கு சிக்கினால் குண்டூசி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். அவரைப் போன்றவர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் சுத்தம் செய்துகொள்வது நல்லது.

இம்பிளான்ட் வைத்து ஐந்து நாள் ஆகிறது. வீக்கம் கூடுகிறது. மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடலாமா?
- வாசகி, திருப்பத்தூர்

கூடாது. ஆபரேஷன் வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறி, பிறகு இறங்க வேண்டும். நான்காம் நாளுக்கு மேலும் ஏறினாலோ, வாயில் கெட்ட சுவை வந்தாலோ தொற்றாக இருக்கலாம். உள்ளே சீழ் கட்டியிருந்தால் மாத்திரை மட்டும் போதாது, திறந்துவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கிராம்புத் தைலம் தடவாதீர்கள், காயம் வெந்துபோகும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளித்துவிட்டு, இன்றே வைத்த டாக்டரிடம் போங்கள். வாய் திறக்க முடியாமல், விழுங்கக் கஷ்டமாகி, தாடைக்கு அடியில் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ பல் கிளினிக்குக்குப் போகாதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.