அவையில் இருப்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 28 வயது. நல்ல ஜென்டில்மேன் ஆக வேண்டும் என்று சில ஆண்டுகளாக உண்மையாகவே முயன்று வருகிறேன். எந்த உடைக்கு எந்தக் காலணி, கையை எப்படிக் குலுக்குவது, பெண்களுக்கு எப்படிக் கதவைத் திறந்துவிடுவது என்றெல்லாம் காணொளிகள் பார்த்துக் கற்றிருக்கிறேன். சென்ற வாரம் அலுவலகத்தில் நடந்த ஒன்று என்னைக் குழப்பிவிட்டது. ஒரு கூட்டத்தில் என்னுடன் பணிபுரியும் பெண் ஒரு யோசனை சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மூத்தவர் ஒருவர் அதையே தன் யோசனையாகச் சொன்னார், எல்லாரும் பாராட்டினார்கள். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் பேசவில்லை. மாலையில் அவருக்காக லிஃப்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'நன்றி' என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டார். ஐந்து மாடி. நான் என்ன தவறு செய்தேன்? இந்தக் காலத்தில் ஜென்டில்மேன் என்றால் யார்? இப்போது நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, அவர் படிக்கட்டில் இறங்கிப்போன வரியைத்தான். அவர் உங்களை அவமதிக்கவில்லை, நன்றி சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் தேவைப்பட்டபோது கிடைக்காத மரியாதை, மாலையில் தேவையில்லாத இடத்தில் நீட்டப்பட்டபோது அதை வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்றே எனக்குப் படுகிறது. அந்தச் சிறிய பெட்டிக்குள் உங்களோடு அரை நிமிடம் நிற்பதைவிட ஐந்து மாடி இறங்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. நான் கடிந்துகொள்வதாக நினைக்க வேண்டாம். தவறு எது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கேள்விக்குப் பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் அது குணத்தைக் குறிக்கப் பிறந்த சொல் அன்று. 'ஒரே குடியைச் சேர்ந்த' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து, பிரெஞ்சு வழியாக, நற்குடியில் பிறந்தவன் என்ற பொருளோடு வந்தது. வழக்கு ஆவணங்களில் எதிர்வாதியின் சமூக நிலையைக் குறித்தாக வேண்டும் என்று 1413இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தபின், அது பெயரை ஒட்டி எழுதப்படும் ஓர் அந்தஸ்தாகவே நிலைபெற்றது. நாம் அதற்கு ஈடாக வழங்கிவந்த 'கனவான்' என்ற சொல்லிலும் செல்வமும் செல்வாக்கும்தான் முதலில் தெரிகின்றன. நீங்கள் பார்த்த காணொளிகள் காலணியிலிருந்து தொடங்குவதற்கு இந்தப் பழைய வேர்தான் காரணம் என்று நினைக்கிறேன்; பிறப்பால் கிடைக்காததைத் தோற்றத்தால் அடைந்துவிடலாம் என்ற நம்பிக்கையை அவை விற்கின்றன. நன்றாக உடுத்துவதில் குறை ஒன்றும் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லவும் ஒன்றும் இல்லை.

உடையைவிட நடத்தை விதிகள் ஆழமானவை. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவனாக இருந்தபோது நன்னடத்தை விதிகள் 110ஐத் தம் கைப்பட ஏட்டில் படியெடுத்தார். அவை அவர் இயற்றியவை அல்ல. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு யேசு சபையினர் தொகுத்தவற்றிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தவை. நாலுபேர் நடுவில் நாம் செய்யும் ஒவ்வொரு செயலிலும், அங்கே இருப்பவர்கள்மீது மரியாதை உண்டு என்பதற்கான ஓர் அடையாளம் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதல் விதி. எவ்வளவு அழகான விதி! ஆனால் அதே சிறுவனுக்கு 11 வயதில் தந்தை இறந்தபோது, சொத்தாக வந்து சேர்ந்தவற்றில் அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள். விருந்து மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் 'அங்கே இருப்பவர்கள்' என்ற கணக்கில் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தட்டேந்தி நின்றவர்கள் வரவில்லை. வாஷிங்டன் 1799இல் எழுதிய உயிலில், தமக்கு உரிமையாக இருந்த அடிமைகளுக்கு விடுதலை அளிக்க ஏற்பாடு செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஏட்டில் எழுதிய முதல் விதி அவர்களிடம் வந்து சேர ஒரு வாழ்நாள் முழுவதும் கழிய வேண்டியிருந்தது.

என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழைய கனவானுக்கும் இந்தக் காலத்துப் பண்பாளனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விதிகளில் தேடமாட்டேன். அவையில் இருப்பவராக ஒருவன் யார் யாரைக் கணக்கில் கொள்கிறான் என்பதில்தான் தேடுவேன். அன்று உங்கள் கூட்டத்தில், அந்த யோசனை இன்னொருவர் வாயிலிருந்து வந்த நொடியில், அந்தப் பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே அங்கே இல்லாதவராகிவிட்டார். அதைக் கண்டவர் நீங்கள் ஒருவர்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

நம் மொழியில் இதற்கு மிகப் பொருத்தமான சொல் ஒன்று உண்டு. இன்று 'நாகரிகம்' என்றால் உடையும் பாணியும் நினைவுக்கு வருகின்றன. வள்ளுவர் 'நயத்தக்க நாகரிகம்' என்று சொல்வது 580ஆம் குறளில். அந்தக் குறளை அவர் வைத்திருப்பது கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில். கண் மற்றவர்பால் ஓடுவது, ஓடியதும் இரங்குவது, அதுதான் கண்ணோட்டம். நாகரிகத்தை அவர் கண்ணில் கொண்டுபோய் வைத்திருப்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதைக் கண்ட பிறகுதான் மற்ற பண்புகளுக்கெல்லாம் வேலை வருகிறது.

அந்தக் குறளில் ஒரு பொறியும் இருக்கிறது. அந்த நாகரிகத்தை வேண்டுபவர்கள், தமக்கு நஞ்சு ஊற்றப்படுவதைக் கண்டும் அதை உண்டு அமைவார்கள் என்பது அதன் பொருள். இதைப் படிப்பவர்கள், எதையும் விழுங்கிக்கொண்டு அமைதியாக இருப்பதே நாகரிகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடும். கூட்டத்தில் நீங்களும் அவ்வாறே எண்ணியிருக்கலாம்: மூத்தவரைச் சபையில் மறுத்துப் பேசுவது முறையன்று, சூழ்நிலையைக் கெடுக்க வேண்டாம் என்று. ஆனால் குறள் பேசுவது தனக்கு ஊற்றப்பட்டதைத் தானே குடிப்பவனைப் பற்றி. அடுத்தவர் கோப்பையில் ஊற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டு அமைந்திருப்பதற்கு அதில் இடமே இல்லை. ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் 1852இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில், பிறருக்கு ஒருபோதும் வலி உண்டாக்காதவன் என்பதே ஏறத்தாழக் கனவானுக்கு இலக்கணம் என்றார்; ஆயினும் அந்த இலக்கணம் ஒருவனை அறவோனாக்கிவிடும் என்று அவர் கருதவில்லை. உங்கள் நிகழ்ச்சியையே பாருங்கள். அன்று நீங்கள் யாருக்கும் வலி உண்டாக்கவில்லை. அவருக்கு வலித்தது.

நான் இளைஞனாக இருந்தபோது ஒரு பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்தேன். ஒருநாள் இரங்கல் குறிப்பொன்றில் இறந்தவரின் பெயரையும் அவருடைய தம்பியின் பெயரையும் இடம் மாற்றி அச்சேற விட்டுவிட்டேன். உயிரோடு இருப்பவர் இறந்துவிட்டதாக அச்சாகியிருந்தது. காலையில் அந்தக் குடும்பத்தார் தொலைபேசியில் அழைத்தபோது ஆசிரியர் எழுந்து நின்றுகொண்டு பேசினார். மறுமுனையில் இருப்பவர்களுக்கு அவர் நிற்பது தெரியாது. 'கடைசிப் படியில் கையெழுத்திட்டவன் நான், தவறு என்னுடையது' என்று மட்டும் சொன்னார். என் பெயர் அவர் வாயில் வரவில்லை. மாலையில் எல்லாரும் போன பிறகு என்னை அழைத்து, அந்த மெய்ப்புத் தாளை மேசைமேல் விரித்து, இரண்டு பெயர்களின் கீழும் பென்சிலால் கோடிட்டு, 'பெயர்களை மட்டும் கடைசியிலிருந்து முதலுக்கு ஒருமுறை படியுங்கள், தம்பி' என்றார். வயதில் பாதி கூட இல்லாத என்னைப் பன்மையில்தான் விளித்தார். தொலைபேசியின் மறுமுனையில் துக்கத்தோடு இருந்தவர்கள், அறை மூலையில் நடுங்கிக்கொண்டு நின்ற நான் ஆகிய இரு தரப்பாரையும் அவர் அன்று தம் அவையில் வைத்திருந்தார். பண்பாளர் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நிற்கும் அந்த நிற்பு நினைவுக்கு வருகிறது.

கதவைத் திறந்துவிடுவது தவறா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கடிதத்தின் அடியில் அந்தக் கேள்வி இருக்கிறது. தவறு இல்லை. கை நிறையப் பொருளோடு யார் வந்தாலும், ஆணோ பெண்ணோ, கதவைப் பிடியுங்கள். பெண் என்பதற்காக மட்டும் பிடிக்கும்போது அதில் ஓர் உடன்படிக்கை ஒளிந்திருக்கிறது: ஆபத்து வந்தால் நாங்கள் காப்போம், மற்ற நேரத்தில் நீங்கள் பின்னால் நில்லுங்கள் என்பது. அந்த உடன்படிக்கையின் காக்கும் பகுதியாவது நிறைவேறியதா என்றால், டைட்டானிக் கப்பலை வைத்து ஆம் என்று நம்பிவந்தோம். 2012இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இருவர் 18 கப்பல் விபத்துகளை ஆராய்ந்து, டைட்டானிக் விதிவிலக்கு என்று காட்டினார்கள். பொதுவாகப் பெண்களே குறைவாக உயிர் தப்பியிருக்கிறார்கள். கப்பல் தலைவர்களும் பணியாளர்களும் பயணிகளைவிட அதிகமாகத் தப்பியிருக்கிறார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றுங்கள் என்று தலைவர் ஆணையிட்டபோதுதான் நிலை மாறியிருக்கிறது. அதிகாரம் கையில் இருந்தவர் வாய் திறந்தாரா என்பதே உயிர்களைத் தீர்மானித்தது என்பதை உங்கள் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

இன்னோர் அவையும் உண்டு. நண்பர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், ஒரு பெண்ணின் படம் அவருக்குத் தெரியாமல் வந்து விழுகிறது. அதில் இருப்பவர் அந்தக் குழுவில் இல்லை. உங்கள் அவையில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. பிறன்மனை நோக்காமையைப் 'பேராண்மை' என்று சொன்னது நம் மொழி. இன்று அந்த நோக்காமை, திறக்காமலும் பகிராமலும் இருப்பது. பகிர்ந்தவனிடம் 'இதை நீக்கு' என்று அந்தக் குழுவிலேயே எழுதுவது. அப்படி எழுதினால் சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு ஊற்றப்பட்ட நஞ்சு, நீங்கள் குடிக்கலாம்.

இப்போது செய்யக்கூடியது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் மூத்தவரிடம் நேராகப் போய்விடாதீர்கள். அந்தப் பெண்ணைக் கேட்காமல் அவர் சார்பில் பேசப் புறப்பட்டால், அவரை இரண்டாவது முறையும் அங்கே இல்லாதவராக்கிவிடுவீர்கள். முதலில் அவரிடம் சென்று, 'அது உங்கள் யோசனை என்று எனக்குத் தெரியும், நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாததற்கு வருந்துகிறேன்' என்று சொல்லுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம். பிறகு, 'இதை அடுத்த கூட்டத்தில் நான் குறிப்பிடலாமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரிந்த சிரமங்கள் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சரி என்றால், யாரையும் குற்றம் சாட்டாமல், 'சென்ற வாரம் இவர் சொன்ன அந்த யோசனை' என்று பெயர் சொல்லித் தொடங்குங்கள். அதன்பின் மேற்கொண்டு விளக்கிக்கொண்டு போகாமல் நிறுத்திவிடுங்கள். மீதியை அவர் பேசுவார்.