உங்கள் மகள் இயற்பியலை விட்டுவிடவில்லை

வணக்கம் அம்மா.

சென்ற வாரம் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டீர்கள். மீதியைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். "ப்ளஸ் டூவில் இயற்பியலில் 97 வாங்கிய பெண், பழங்காலத்துக் கிரேக்கர்களையும் அரேபியர்களையும் பற்றிப் படிக்கப் போகிறேன் என்கிறாள். இதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம்?" என்ற வரியை நான்கு முறை படித்தேன். உங்கள் பயம் நியாயமானது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பண்டைக் காலம் முதல் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் வரையிலான அறிவியலின் வரலாறு, இதுதான் அவள் கேட்கும் படிப்பு. அறிவியலை விட்டு விலகுகிறாளே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். இந்தத் துறைக்குள் போனவர்கள் அறிவியலை விட்டு விலகவே முடியாது. ஒரு கதை சொல்கிறேன்.

ஆர்க்கிமிடீஸ் எழுதியவற்றை 10-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் தோல் ஏடுகளில் படியெடுத்து வைத்தார். 13-ஆம் நூற்றாண்டில், எழுதத் தோல் கிடைக்காத ஒரு பாதிரியார் அந்த எழுத்துகளைச் சுரண்டி அழித்துவிட்டு, ஏடுகளைத் திருப்பி மடித்து, மேலே ஜெபங்களை எழுதிவிட்டார். 1906-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஹைபர்க் என்ற டென்மார்க் அறிஞர், ஜெப வரிகளுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது ஆர்க்கிமிடீஸ் என்று கண்டுகொண்டார். பிறகு பல ஆண்டுகள் அந்த ஏடு பொதுப் பார்வையிலிருந்து மறைந்துபோனது. 1998-இல் நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனபோது பூஞ்சை பிடித்து, சில பக்கங்களின் மேல் போலி ஓவியங்களும் தீட்டப்பட்டிருந்தன.

பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் அதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். கிரேக்கம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வெவ்வேறு நிற ஒளியில் படமெடுத்து, அடியில் இருக்கும் மையை மட்டும் பிரித்துக் காட்டத் தெரிந்த பொறியாளர்கள் இருந்தார்கள். ஓவியங்களுக்கு அடியில் இருந்த பக்கங்களை ஸ்டான்ஃபோர்டில் உள்ள துகள் முடுக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய மையில் இரும்பு உண்டு. அங்கே உண்டாகும் எக்ஸ் கதிர் பட்டால் இரும்பு தனக்கே உரிய கதிரை உமிழும். அதைப் பிடித்து எழுத்துகளை வரைந்தெடுத்தார்கள். கடைசியில், வெளிவந்த வரிகளில் என்ன கணிதம் இருக்கிறது என்று சொல்லக் கணிதம் தெரிந்தவர் வேண்டியிருந்தது. ஒரு வடிவத்தை மெல்லிய சீவல்களாக்கி, தராசில் நிறுத்துவது போல் அதன் கன அளவைக் கண்டுபிடிக்கும் ஆர்க்கிமிடீஸின் முறை விளக்கப்பட்டிருக்கும் நூலுக்கு உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே படி அந்த ஏடுதான். இயற்பியலில் 97 வாங்கிய பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

இப்போது பணத்தைப் பற்றிப் பேசுவோம். இங்கே நான் எதையும் மறைக்கப் போவதில்லை. இந்தியாவில் இதற்கென்றே தனித் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் வரலாறு, தத்துவம், சமஸ்கிருதம் ஆகிய துறைகளின் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். ஆசிரியர் பணியிடங்கள் சில மட்டுமே. முனைவர் பட்டம் முடியும்போது அவளுக்கு முப்பது வயதை நெருங்கியிருக்கும். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். அதில் ஒரு பெண் தன் காலில் நிற்கலாம், வீட்டுக் கடனை அடைக்க முடியாது. கேம்பிரிட்ஜில் இதற்கென்று துறை இருக்கிறது, பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது. உதவித்தொகை இல்லாமல், கல்விக் கடன் வாங்கி அங்கே முதுகலைக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மகளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். முகம் வாடியது, ஆனாலும் தலையசைத்தாள்.

அருங்காட்சியகப் பணி இன்னொரு வழி. மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் நாடு முழுவதும் அறிவியல் மையங்களை நடத்துகிறது. திருநெல்வேலியில் உள்ளதும் அதனுடையதே. காப்பாட்சியர் பணிக்கு அறிவியல், பொறியியல் படித்தவர்களைத்தான் எடுப்பார்கள். சுவடி நூலகங்கள், பாடநூல் பதிப்பு, அறிவியல் இதழியல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே என் யோசனை இது. இப்போதே பி.ஏ. வரலாறு வேண்டாம். பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம் சேரட்டும். கூடவே இந்த ஆண்டிலிருந்தே ஒரு பழைய மொழியைத் தொடங்கட்டும். லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் இங்கே ஆசிரியர் கிடைப்பது கடினம். அரபியும் சமஸ்கிருதமும் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே துறைகளாக இருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் மனம் மாறினால் எம்.எஸ்சி.யோ பி.எட்.டோ அவளுக்குத் திறந்தே இருக்கும். மாறாவிட்டால், வரலாறு மட்டும் படித்து வருபவர்களுக்கு எளிதில் கிடைக்காத ஒன்று அவள் கையில் இருக்கும்: பழைய கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் திறமை.

அரபி எதற்கு என்று கேட்பீர்கள். 1543-இல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்ட நூலில், கோள்களின் இயக்கத்தை விளக்க ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் உருளும் அமைப்பு ஒன்று வருகிறது. அதே அமைப்பை 13-ஆம் நூற்றாண்டிலேயே, இன்றைய ஈரானில் உள்ள மராகா வான்நோக்ககத்தைச் சேர்ந்த நசீருத்தீன் தூசி எழுதி வைத்திருக்கிறார். 14-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் இருந்த இப்னு ஷாதிரின் சந்திரக் கணக்கும் கோப்பர்நிக்கஸினுடையதும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அது எந்த வழியாகப் போலந்து வரை போனது, அல்லது போகவே இல்லையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அரபியும் லத்தீனும் வடிவியலும் ஒருசேரத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாவற்றையும் நம் முன்னோர்களே கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளிலிருந்து இந்த ஆசை முளைத்திருந்தால், முதல் ஆண்டிலேயே பட்டுப்போகும். எல்லாம் ஐரோப்பாவில்தான் தொடங்கியது என்ற நம்பிக்கையோடு வருபவர்களுக்கும் அதே கதிதான். அவளோடு தனியாகப் பேசிய அரை மணி நேரத்தில் இரண்டையும் நான் காணவில்லை. "அவர்களுக்கு எப்படித் தெரிந்தது சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு நம்பிக்கை கொடுத்தது அந்தக் கேள்விதான்.

அதனால் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிசகு 4 நிமிடம்தான். முடிவு நேரம் மட்டும் முக்கால் மணிக்கு மேல் தவறியது. ஜான் வாரன் என்ற அதிகாரி அதைப் பதிவு செய்தார். 1952-இல் அந்தக் கணக்கை ஆராய்ந்து எழுதிய ஓட்டோ நொய்கெபவர் கணிதம் படித்தவர். பாபிலோனியக் களிமண் பலகைகளைப் படிப்பதற்காக ஆப்பெழுத்து கற்றவர். நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படையான 248 நாள் சுற்றுதான் அந்தப் பலகைகளிலும் இருக்கிறது. நிலா வேகம் கூடிக் குறைந்து பழைய வேகத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 27.55 நாள் ஆகும். ஒன்பது முறை திரும்பினால் 248.

ஒன்பதால் பெருக்கியது ஏன், எட்டு ஏன் கூடாது என்று அவளே கண்டுபிடித்து வர வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளோடு நீங்களும் வாருங்கள். வீட்டில் இருக்கும் பஞ்சாங்கத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.